கப்பலில் வந்த முள்ளுக்கம்பி

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் கம்பி ஆலையை மறுபடியும் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி மலைக்கு ஏறி வந்தபோது, ரத்தினம்மா கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்துக்கென்று அவன் வழக்கத்தைவிட அதிகமாகக் கழித்துவிட்டிருந்தான்.

"ஈரம் என் கூடையில மட்டுமா இருக்கு? ஒன் மண்டைக்குள்ளயுந்தான் இருக்கு" என்று அவள் கத்தியதில் வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டவுனுக்குப் போய்த் திரும்பிய சுப்பம்மா அப்போதுதான் வந்து அவள் தோளைத் தொட்டாள். "ஏ ரத்தினம், சண்டைய விடு. ஒங்க கம்பிக் கம்பனிய தொறக்குறாங்களாம். மர்சூக் மொதலாளி கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க விட்டிருக்காரு. என் கண்ணால பாத்துட்டு வாறேன்."

ரத்தினம்மா சட்டென்று வாயை மூடினாள். கங்காணி எழுதியதை எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் ஒரு சண்டையைப் பாதியில் விட்டதை அந்தத் தோட்டம் அன்றுதான் முதல்முறை பார்த்தது.

ஆலை மூடி அப்போது பதினேழு, பதினெட்டு வருடமாகியிருந்தது. அதற்கு முன் அவள் அங்கே ஆணி அடித்தவள். எழுபத்து நாலாம் ஆண்டுப் பஞ்சத்தில், தோட்டத்தில் மாவு இல்லாமல் சனங்கள் கீரைத் தண்டை அவித்துத் தின்ற நாட்களில், அவளுடைய தகப்பன் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியில் காலம் தள்ளிச் செத்துப்போனார். காரியம் முடிந்த கையோடு மலையிலிருந்து இறங்கி, கெலிஓயாவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆலை வாசலில் போய் நின்றாள். வயது பத்தொன்பது.

மர்சூக் முதலாளி பக்கத்து மடவளை ஊர்க்காரர். சைக்கிளில் பூட்டும் கீலும் கட்டி விற்றவர். வெளிநாட்டுச் சாமான் உள்ளே வராத காலம் அது. வீடு கட்டுகிறவனுக்கு ஆணி வேண்டுமென்றால் அது இந்த நாட்டிலேயே அடித்த ஆணியாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தைரியத்தில் அவர் கடன் பட்டு ஆற்றோரமாக நீளக் கொட்டகை போட்டார். ஒரு பக்கம் கம்பி இழுத்தார்கள். இன்னொரு பக்கம் ஆணி அடித்தார்கள். கடைசி மூலையில் தோட்ட வேலிகளுக்கு முள்ளுக்கம்பி முறுக்கும் இரண்டு மெஷின்கள். அடித்த ஆணியை மரத்தூளோடு பெரிய உருளையில் போட்டு உருட்டினால் வெள்ளிக்காசு மாதிரி மினுங்கிக்கொண்டு வெளியே கொட்டும். அந்தச் சத்தத்தில் யார் எந்தப் பாஷை பேசுகிறார்கள் என்று காதுக்குத் தெரியாது. கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள்.

அங்கேதான் ராஜலிங்கத்தைக் கண்டாள். கம்பி இழுக்கும் மெஷினில் நின்ற அமைதியான மனிதன். இருவரும் கல்யாணம் கட்டி, கெலிஓயா பஜாருக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு அலுமாரி வாங்கினார்கள். தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவளுக்கு, தன் வீட்டு ஜன்னலைத் தானே திறந்து மூடுவது வெகுநாள்வரை புதுமையாகவே இருந்தது.

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் தமிழருக்கு எதிராகக் கலவரம். அது அடங்கிய கையோடு வெளிநாட்டுச் சாமானுக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். எங்கிருந்தோ வந்த ஆணிகள் மட்டைப் பெட்டிகளில் கண்டிக் கடைகளை நிறைத்தன. மர்சூக் முதலாளி ஒரு பெட்டியை ஆலைக்குக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

"இது வளையுது மொதலாளி. நம்ம ஆணி வளையாது" என்றாள் ரத்தினம்மா.

"வளையாத ஆணி வெல கூட, புள்ள. வளையிற ஆணி வெல கொறவு. சனம் எத வாங்கும்?"

எண்பதாம் ஆண்டு ஆலை மூடப்பட்டது. கேட்டில் பூட்டைப் போட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் மர்சூக் முதலாளி அழுதார். "மெஷின விக்க மாட்டன். காலம் திரும்பும். திரும்பினா மொதல்ல ஒங்களத்தான் கூப்பிடுவன். அல்லாஹ் பொதுவாச் சொல்றன்" என்றார். அவர் அழுதது உண்மை. அதனால்தான் ரத்தினம்மா அந்த வார்த்தையை நம்பினாள்.

ராஜலிங்கத்துக்குக் கண்டி டவுனில் ஒரு வேலை கிடைத்தது. தம்பிராஜா என்ற யாழ்ப்பாணத்தாருடைய இரும்புக் கடையில் மூட்டை தூக்கும் வேலை. தன் ஆலையைத் தின்ற அதே ஆணிப் பெட்டிகளைத் தன் தோளிலேயே சுமந்தான். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், தமிழர் கடை என்று அதை எரித்தார்கள். பின்கதவால் தப்பி ஓடும்போது சரிந்த கூரைத் தகரம் அவன் முதுகில் விழுந்து தோலை உரித்துக்கொண்டு போனது. எரித்த கூட்டத்தில் அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. சுமனபால. ஆலையில் அவனுக்கு அடுத்த மெஷினில் நின்ற சிங்களவன். அவனோடு ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் கை வைத்துச் சாப்பிட்டவன். வேலை போனதிலிருந்து சந்தியில் சும்மா நின்றவன்.

ஒதுங்கியிருந்த அகதி முகாமிலிருந்து திரும்பியபோது வாடகை வீட்டில் அலுமாரியும் இல்லை, ஜன்னலும் இல்லை. மலைக்கே திரும்பினார்கள். எந்தக் கூடையை வேண்டாமென்று எறிந்துவிட்டு இறங்கினாளோ, அதே கூடையை ரத்தினம்மா மறுபடி தலையில் மாட்டிக்கொண்டாள். ஒரே மகளை ஹட்டன் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். ராஜலிங்கம் அந்த ஜூலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவனுக்கும் சேர்த்து அவளே கோபப்பட்டாள். அடுப்போடு, மழையோடு, கங்காணியோடு, ரேடியோவோடு.

செய்தி கிடைத்த மறுநாள் காலையிலேயே அவள் இறங்கினாள். நல்ல சேலை கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, ராஜலிங்கத்தையும் இழுத்துக்கொண்டு போனாள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. கண்டித் தலதா மாளிகையில் புலிகளின் குண்டு வெடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வழியெல்லாம் படையினர் பஸ்ஸிலிருந்து இறக்கி இறக்கி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பெயரைப் படித்ததும் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்கள்.

ஆலை வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். எல்லாம் இளம் பெண்கள். உள்ளே முள்ளுக்கம்பி மெஷின்கள் ஓடிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ரத்தினம்மாவுக்கு அந்தச் சத்தத்தில் கண் கலங்கிவிட்டது.

மர்சூக் முதலாளி அவர்களைக் கண்டதும் அவசரமாக வெளியே வந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. இருவரையும் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஆணி வேல இல்ல புள்ள. முள்ளுக்கம்பி மட்டுந்தான். வடக்குல ஆமி முகாமுக்கும் ஆக்கள அடைச்சு வெக்கிற முகாமுக்கும் வேலி போட. அரசாங்கத்துப் பெரிய கொந்தராத்து."

"எந்தக் கம்பியா இருந்தா என்ன மொதலாளி? எனக்கு ரெண்டு மெஷினும் தெரியும். இவருக்கு எல்லாமே தெரியும்."

அவர் நிலத்தைப் பார்த்தார். "கொந்தராத்து தந்தவங்க தெளிவாச் சொல்லிட்டாங்க. தமிழ் ஆக்கள் உள்ளுக்கு வர ஏலாதாம்."

ரத்தினம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு.

"மொத தடவ வெல கூடன்னு வெளிய போட்டீங்க. இப்ப தமிழாளுன்னு உள்ள விட மாட்டேங்கிறீங்க. அல்லா பொதுவா கூப்புடுவேன்னு சொன்னீங்களே, அப்ப நாங்க என்ன ஆளு?"

"சத்தம் போடாத புள்ள. நான் சிங்களவனில்ல, சோனவன். இந்த ஊருல ஏன்ட தலையும் கத்திக்குக் கீழதான் ஈக்கி. எத்தின பேருக்கு முன்னால குனிஞ்சு இத எடுத்தன் தெரியுமா?"

"குனிஞ்சது நீங்க. மிதி வாங்குறது நாங்களா?"

"வா புள்ள, போவோம்" என்று ராஜலிங்கம் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு முன்னால் நடந்தாள். சந்திவரைக்கும் அவனோடு பேசவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னாலிருந்து யாரோ ஓடி வந்தார்கள். சீலாவதி. பழைய நாட்களில் ஆணி உருளைக்குப் பக்கத்தில் அவளோடு நின்றவள். இப்போது சுப்பர்வைசர். மூச்சு வாங்கிக்கொண்டே சிங்களத்தில் சொன்னாள்: "இந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது ரத்தினம். ரெண்டு பேர் விரல வெட்டிக்கிட்டாங்க. மெஷின் தெரிஞ்ச ஒரு ஆள் எனக்கு வேணும். நீ ரத்னான்னு சிங்களப் பேர்ல வா. பொட்டு வேணாம். சேலைக்குப் பதிலா பாவாடை சட்டை. ஒன்னோட சிங்களத்துல யாரும் குறை கண்டுபிடிக்க மாட்டாங்க. நாட்கூலிக்கு அட்டை கேக்கிறதில்ல. நான் பொறுப்பு."

ராஜலிங்கம் "வேணாம்" என்று தலையாட்டினான். ரத்தினம்மா அவனைப் பார்க்கவில்லை. சீலாவதி தன்னிடம் கெஞ்சுகிறாளா, தன்னை அவமானப்படுத்துகிறாளா என்று அவளுக்கே புரியவில்லை. ஆனால் அந்த மெஷின் சத்தம் காதில் ஓடிக்கொண்டேயிருந்தது.

"வாறேன்" என்றாள்.

முதல் நாள் காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுக்கு முன்னால் நின்று பொட்டை அழித்தாள். அழித்த விரலைப் பாவாடையில் துடைத்தாள். ராஜலிங்கம் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு மலையைப் பார்த்தான். புருஷன் உயிரோடு இருக்கும்போது பொட்டை அழிக்கிறாளே என்று பக்கத்துக் காம்பராக்காரி முணுமுணுத்தது காதில் விழுந்தது. அவளோடும் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

ஆலையில் மர்சூக் முதலாளி அவளைக் கண்டார். ஒரு கணம் நின்றார். பிறகு ஒன்றும் காணாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலுவலக அறைக்குள் போய்விட்டார்.

இரண்டு வருடம் அவள் ரத்னாவாக இருந்தாள். கை எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தது. இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வரும். குறுக்கே முள் சுற்றி, வெட்டுண்டு, கூராகும். புதுப் பெண்களுக்குக் கையை எங்கே வைக்கக்கூடாது என்பதை முதலில் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் "ரத்னா அக்கே" என்று பின்னால் திரிந்தார்கள். ஆலையில் ரேடியோ எந்நேரமும் ஓடும். போர்ச் செய்தி வந்தால், வடக்கில் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொன்னால், சில பெண்கள் கை தட்டுவார்கள். அண்ணனோ தம்பியோ படையில் இருக்கும் பெண்கள் தட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ரத்தினம்மா குனிந்து கம்பியைப் பார்ப்பாள். அந்த நேரங்களில் அவளுக்கு யார்மேல் கோபம் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. கை தட்டுகிற பெண்ணின்மேலா, தான் முறுக்குகிற முள்ளின்மேலா, சம்பளம் கிடைக்கும் நாளில் வயிறு சந்தோஷப்படுகிறதே, அந்த வயிற்றின்மேலா?

பெண்களில் நிலந்தி என்றொருத்தி அவளோடு மிகவும் ஒட்டிக்கொண்டாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில் சொன்னாள்: "எங்க அப்பாவும் முந்தி இதே ஆலையில வேல செஞ்சவர்தான் அக்கே. கம்பி இழுக்கிற பக்கம். சுமனபாலன்னு. ஒங்களுக்குத் தெரியுமா?"

ரத்தினம்மா கையிலிருந்த சோற்றுருண்டையை மறுபடி பெட்டியில் வைத்தாள். "நான் வேற பக்கம்" என்றாள்.

அன்று பின்நேரம் முழுக்க அவள் நிலந்தியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மெஷின் ஓடும்போது அந்தப் பெண் தலைமயிரைக் கட்டாமல் குனிந்ததைக் கண்டதும், பாய்ந்து போய்ப் பின்னால் இழுத்து, கன்னத்தில் ஒன்று வைத்து, பிறகு அவளே மயிரைப் பின்னிவிட்டாள். வீட்டுக்குப் போய் ராஜலிங்கத்திடம் சொன்னாள். அவன், "புள்ள என்ன செய்யும்" என்றான். அதற்கும் அவனோடு சண்டை பிடித்தாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு நடுவில் அந்தப் புதுக் கம்பி வந்தது. சவர அலகு மாதிரித் தகடு தகடாகப் பல் வைத்த கம்பி. விரித்தால் ரோட்டை மறைக்கும் சுருள். வெளிநாட்டில் செய்து கப்பலில் வந்தது. கொந்தராத்துக்காரர்கள் ஒரு சுருளைக் கொண்டுவந்து ஆலை முற்றத்தில் போட்டுவிட்டு, இதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடியுமா என்று மர்சூக் முதலாளியைக் கேட்டார்களாம். அவர் கணக்குப் பார்த்தார், அதிகாரிகளைப் பார்த்தார், எம்.பி.மாரைப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சண்டை இந்த நாட்டுக்காரர்களுடையதுதான். அடைபடுகிறவனும் இந்த நாட்டுக்காரன். வேலி மட்டும் கடல் தாண்டி வந்தது.

வெள்ளிக்கிழமை சம்பளத்தைக் கொடுத்து, திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார்கள்.

திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள். தாய் தகப்பன்மாரும் வந்தார்கள். கேட் பூட்டியிருந்தது, சீலாவதியும் ரத்தினம்மாவும் சாமான்களைப் பொறுக்கி வைக்க உள்ளே நின்றார்கள். வெளியே ஒருவன் கத்த, இன்னொருவன் அதைவிடப் பலமாகக் கத்தினான். முஸ்லிம்களை இகழ்ந்து சொல்லும் சொல்லால், தம்பிலா முதலாளி காசைச் சுருட்டிக்கொண்டு நம் பிள்ளைகளை ரோட்டில் விட்டுவிட்டான் என்றார்கள். மடவளையில் மாடி வீடு கட்டுகிறான் என்றார்கள். யாரோ பெட்ரோல் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ரத்தினம்மாவுக்கு ராஜலிங்கத்தின் முதுகு நினைவுக்கு வந்தது. அலுவலக அறை ஜன்னலில் மர்சூக் முதலாளியின் திரைச்சீலை அசைந்து நின்றது.

சீலாவதி கேட்டைக் கொஞ்சம் திறந்து சமாதானம் சொல்லப் போனாள். ரத்தினம்மாவும் கூடப் போனாள். கூட்டத்தின் முன்வரிசையில் நரைத்த மீசையோடு ஒருவன் நின்றான். அவன் பக்கத்தில் நிலந்தி. அவன் ரத்தினம்மாவைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தான்.

"இவ ராஜலிங்கத்தோட பொண்டாட்டி இல்லையா?" என்றான் சுமனபால. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னான்: "பாருங்க! இவ தெமள! தமிழச்சி! நம்ம பிள்ளைங்க வேலைய இத்தன நாளா உள்ளுக்கு இருந்து தின்னிருக்கா!"

சத்தம் ஒருமுறை அடங்கிப் பிறகு பொங்கி எழுந்தது. நிலந்தி வாயில் கை வைத்தாள். சீலாவதி ரத்தினம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ரத்தினம்மா போகவில்லை. ரத்னாவாக நடித்த இரண்டு வருடமும் அதற்கு முந்தைய வருடங்களும் சேர்ந்து அவள் தொண்டைக்கு வந்தன.

"ஆமா, தெமளதான்" என்றாள், அவர்களுடைய சிங்களத்திலேயே. "பேரு ரத்தினம்மா. நீயும் நானும் இந்த ஆலையில ஒண்ணா வேல செஞ்சோம் சுமனே. எண்பதுல ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வெளிய போட்டாங்க. போட்டது யாரு? நானா? ஏம் புருசனா? கப்பல்ல வந்த ஆணி! நீ என்ன செஞ்ச? கப்பல எரிச்சியா? தொறந்துவிட்டவன் வீட்ட எரிச்சியா? ஒனக்குப் பக்கத்து மெஷின்ல நின்னவன் மூட்ட தூக்குன கடைய எரிச்ச! எரிச்சியே, வேல திரும்பி வந்துச்சா? சொல்லு! ஒம் மக முன்னால சொல்லு, வந்துச்சா?"

சுமனபாலவின் முகம் கறுத்தது. "வாயை மூடு" என்றான். ஆனால் குரல் உள்ளே போய்விட்டது. நிலந்தி தகப்பனைப் பார்த்தாள். "கடையை எரிச்சீங்களா அப்பா?" என்று அவள் கேட்டது பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

ரத்தினம்மா நிறுத்தவில்லை. முற்றத்தில் கிடந்த அந்தப் புதுக் கம்பிச் சுருளை வெறுங்கையால் பற்றி இழுத்துக் கேட் வாசலில் போட்டாள். உள்ளங்கை கிழிந்து இரத்தம் முழங்கைக்கு ஓடியது.

"இதுதான் இன்னைக்கு ஒங்க வேலையத் தின்னது. தெமளயும் இல்ல, தம்பிலாவும் இல்ல. பெட்ரோல் வச்சிருக்கீங்கள்ல? இத எரிங்க. எரியுதான்னு பாப்போம்!"

கேட்டவர்கள் மனம் மாறி அழுதார்கள் என்று சொன்னால் அது பொய். சில பெண்கள் தலை குனிந்தார்கள். இரண்டு மூன்று பேர் மெல்ல நழுவினார்கள். பின்னாலிருந்து ஒரு கல் வந்தது. அது ரத்தினம்மாமேல் படவில்லை. முன்னால் வந்து மறைத்த சீலாவதியின் நெற்றியில் பட்டது. இரத்தத்தைக் கண்டதும், அது சிங்களத்தியின் இரத்தமாகவும் இருந்ததால், கூட்டம் குழம்பிக் கலைந்தது. பெட்ரோலோடு வந்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆலை எரியவில்லை.

பொலிஸ் ஜீப் வந்து ரத்தினம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. முகாமுக்கு வேலி செய்யும் இடத்தில் ஒரு தமிழச்சி பொய்ப் பெயரில் இரண்டு வருடம் என்ன செய்தாள்? எத்தனை சுருள் எந்த முகாமுக்குப் போனது என்று யாரிடம் சொன்னாள்? வடக்கில் யார் இருக்கிறார்கள்? கேட்ட கேள்வியையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கட்டாத உள்ளங்கையிலிருந்து மேசையில் இரத்தம் சொட்டியதற்கும் திட்டினார்கள்.

மர்சூக் முதலாளியை அழைத்துக் கேட்டார்கள். அப்படி ஒருத்தி உள்ளே இருந்தது தனக்குத் தெரியவே தெரியாது என்று அவர் சொன்னார்.

மறுநாள் பொழுது சாயும்போது சீலாவதி நெற்றிக் கட்டோடு வந்தாள். "பேர மாத்தச் சொன்னது நான். கூட்டிட்டு வந்ததும் நான். இவள உள்ள வைக்கிறதுன்னா என்னயும் வையுங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எழும்பச் சொல்லியும் எழும்பவில்லை. கடைசியில் இருவரையும் துரத்திவிட்டார்கள். வெளியே வேலியோரம் ராஜலிங்கம் முதல் நாளிலிருந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

மலை ஏறும்போது அவன் சொன்னான்: "கொஞ்சம் அடக்கியிருக்கலாம் புள்ள."

"எம்புட்டு வருசம் அடக்குறது?" என்றாள். பிறகு, நடுவழியில் நின்று, கிழிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அவன் அவள் அழுது முடியும்வரை நின்றான்.

ரத்தினம்மா மறுபடி கொழுந்துக் கூடைக்கே திரும்பினாள். அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் மர்சூக் முதலாளி லயத்துக்கு வந்தார். காரை ரோட்டில் விட்டுவிட்டு, அந்த வயதில் ஏற்றத்தில் நடந்தே வந்திருந்தார். ராஜலிங்கம் கதிரையைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"மெஷினெல்லாத்தையும் பழைய இரும்புக்குக் குடுத்திட்டன். கழட்டி, வெட்டி, லொறியில ஏத்தோணும். கப்பல்ல போவுதாம், உருக்கிறதுக்கு. அந்த மெஷின்ட பூட்டு எங்க ஈக்கி, நட்டு எங்க ஈக்கி எண்டு ஒங்களுக்குத்தான் தெரியும் ராஜலிங்கம். ஒரு கெழமைக்கு வேல ஈக்கி."

அடுப்படியிலிருந்து ரத்தினம்மா வெளியே வந்தாள். "எந்தப் பேருல வரணும் மொதலாளி?"

அவர் தாடியைத் தடவினார். "பொலிஸ்ல நான் அப்பிடிச் சொல்லாட்டி என்னயும் உள்ளுக்குப் போட்டிருப்பாங்க புள்ள."

"அதான் என்ன மட்டும் போட்டாங்க. நீங்க வெளிய நின்னீங்க."

"அல்லாஹ்வுக்குத் தெரியும். எனக்கு வெக்கம்."

"வெக்கத்த வச்சு நான் என்ன செய்ய? ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காலம் திரும்பும்னு சொன்னீங்களே. திரும்புமா?"

முதலாளி கீழே தெரிந்த ஆற்றைப் பார்த்தார். "திரும்பாது புள்ள. நாம ஆணி அடிக்க முந்தி எவனோ எங்கயோ அடிச்சுக் கப்பல்ல ஏத்திருவான். அண்டைக்கு நான் பொய் சொல்லல்ல. எனக்கே தெரியாம ஈந்திச்சு."

"திரும்பாதுன்னு யாரு சொன்னா?" என்றாள் ரத்தினம்மா. "திரும்புச்சே! வீடு கட்ட ஆணி வேணும்னப்ப திரும்பல. ஆள அடைச்சு வைக்க முள்ளு வேணும்னப்ப திரும்புச்சு. அதுலயும் எங்கள வேணாம்னாங்க. அதுவும் நெலைக்கல. இனிமே எவனாச்சும் மேடையில ஏறித் திரும்பும்னு சொன்னா, எதுக்குத் திரும்புதுன்னு கேக்காம நான் விட மாட்டேன்."

முதலாளி இறங்கிப் போய்விட்டார். ராஜலிங்கம் போக மாட்டான் என்றே அவள் நினைத்தாள். ஆனால் விடிந்ததும் அவன் பழைய ஸ்பேனரை எடுத்துத் துணியில் சுற்றினான். "ஒரு கெழம வேல" என்றான். அவ்வளவுதான். அவள் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே செருப்பைப் போட்டான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மனம் கேட்காமல், மத்தியானச் சோற்றைக் கட்டிக்கொண்டு அவளும் இறங்கினாள். ஆலையின் கூரையில் பாதி இல்லை. இரும்பை வெட்டும் நெருப்பின் நாற்றம் ரோட்டுக்கே வந்தது. அவளுடைய முள்ளுக்கம்பி மெஷின் நாலு துண்டாகத் தரையில் கிடந்தது. கம்பி இழுக்கும் மெஷினின் பெரிய சட்டத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்து லொறிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு முனையில் ராஜலிங்கம். மறுமுனையில் சுமனபால.

அவள் அப்படியே நின்றாள். இருவரும் சட்டத்தை ஏற்றிவிட்டு, மூச்சு வாங்கி, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. நிலந்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்று சீலாவதி சொல்லியிருந்தாள். சுமனபாலவிடம் சாப்பாட்டுப் பொட்டலம் எதுவும் இல்லை. ராஜலிங்கம் அவள் கொண்டுவந்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றைப் பிரித்து, பாதியை இலையில் தள்ளி, அவன் பக்கம் நகர்த்தினான்.

"என்ன செய்யிறீங்க?" என்றாள். "ஒங்க முதுகத் தடவிப் பாருங்க. அவனுக்கா எஞ் சோறு?"

"அவனுக்கும் பசிக்குது" என்றான் ராஜலிங்கம்.

சுமனபால இலையைத் தொடாமல் இருந்தான். பிறகு தொட்டான். தலையைத் தூக்கவில்லை. தமிழ் அவனுக்கு விளங்கியிருக்கும். ஆலையில் பழகிய தமிழ்.

சுமனபால செய்த எதையும் அவள் மன்னிக்கவில்லை. அதைச் சொல்லவும் இல்லை. மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய், இருவருக்கும் முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தாள். கடைசிப் பருக்கைவரை தின்றாள். கையைக் கழுவினாள். பின்நேரக் கொழுந்து நிறுவைக்கு நேரமாகியிருந்தது. இரும்பு ஏற்றிய லொறி கேட்டைத் தாண்டுவதற்குள் அவள் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள்.